கர்னலுக்கு வைத்த பொட்டு

1

இன்று ஆயுத பூஜை. எங்கள் சபை மண்டபத்தில் மேஜை, நாற்காலி, கடிகாரம், டைப்ரைட்டர், தண்ணீர்ப் பானை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. சுவரில் தொங்கும் பெரிய படத்துக்கு மட்டும் வைக்கவில்லை. அதற்குப் புதிதாகப் பொட்டு வைக்கக் கூடாது, போன வருஷம் வைத்த பொட்டை அழிக்கவும் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. பினாங்குத் தீவில், ஏன், இந்தப் பூலோகத்திலேயே, பொட்டுக்குச் சர்க்கார் உத்தரவு வாங்கிய ஒரே சபை எங்களுடையதாகத்தான் இருக்கும். ஊரில் இருக்கும் நீங்களும் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளுங்கள்.

அக்கரைச் சீமையில் இருப்பவனுக்கு என்ன குறைச்சல் என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். ஊருக்கு வருகிறவன் ஒவ்வொருவனும் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, வாசனை சோப்பும் பிஸ்கோத்து டின்னும் சுமந்து வந்து உங்களைக் கெடுத்து வைத்திருக்கிறான். நாகப்பட்டினத்தில் இறங்குவதற்கு முதல் நாள்தான் அந்தச் சட்டையைப் பிரித்துப் போட்டான் என்பதை அவன் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

நான் கடற்கரைத் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. காலையில் ட்ராமில் தொங்கிக்கொண்டு போய், சாயங்காலம் அதே ட்ராமில் தொங்கிக்கொண்டு திரும்புகிறேன். நடுவில் எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை மிளகு, எத்தனை மூட்டை ஜாதிக்காய் ஏறியது என்று எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் தமிழர் சபைக்குக் காரியதரிசி. காரியதரிசி என்றால் பெரிய பதவி என்று நினைக்காதீர்கள். இங்கிலீஷில் மனு எழுதுகிறவன், கூட்டத்தில் நாற்காலி போதாவிட்டால் எழுந்து நிற்கிறவன், அவ்வளவுதான்.

2

எனக்கு ஒரே பெண். மீனாட்சி என்று ஆசையாகப் பெயர் வைத்தோம். கன்னிகாஸ்திரீகள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மறுநாளே அவள் மின்னி ஆகிவிட்டாள். இப்போது பத்து வயசு. வீட்டில் பாதி இங்கிலீஷ், பாதி மலாய், கோபம் வந்தால் பக்கத்து வீட்டுச் சீனத்தியிடம் கற்றுக்கொண்ட ஹொக்கியன் சீனம், எதைப் பேசினாலும் கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு "லா". தமிழ் அவளுக்குச் சாப்பாட்டோடு சரி. "சோறு", "போதும்", "வேணாம்" என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தமிழச்சியாக இருக்கலாம் என்பதை நான் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

என் மனைவி சிவகாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. மலாய், பாசாரில் மீன் பேரம் பேசுகிற அளவுக்கு வரும். போன வருஷம் ஒரு நாள் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வந்திருக்கிறாள். தாய் பதறிப்போய் என்னவென்று கேட்க, அவள் விக்கலுக்கு நடுவே இங்கிலீஷில் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். இவளுக்கு ஒரு அட்சரம் விளங்கவில்லை. விழுந்தாளா, யாராவது அடித்தார்களா, என்ன கஷ்டகாலமோ என்று இவளும் அழ ஆரம்பித்திருக்கிறாள். நான் ஆபீஸிலிருந்து வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து அழுது ஓய்ந்து, முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தால் விஷயம் ஒன்றும் இல்லை. டீச்சரம்மா சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போகிறாளாம்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"என் வயித்துல பொறந்த பிள்ளைகூடப் பேச நான் ஒரு துபாஷி வைக்கணுமா?" என்றாள் சிவகாமி. "தை பொறக்கறதுக்குள்ள இங்க ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் வரணும். வரலேன்னா நானும் அவளும் கப்பலேறிடுவோம். நீங்க இங்கயே இருந்து மிளகு மூட்டைய எண்ணிக்கிட்டிருங்க."

சிவகாமி மிரட்டுகிறவள் அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தகரப் பெட்டியை மச்சிலிருந்து இறக்கி, துடைத்து, வெயிலில் காய வைத்தாள். அதற்குப் பிறகு அது மச்சுக்குப் போகவில்லை. கூடத்தில் நான் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு எதிரே இருந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் என்ன ருசி தெரியும் என்று குடும்பஸ்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனைவியும் பெண்ணும் இல்லாத வீட்டில் தனியாக விளக்கேற்றி உட்கார எனக்குத் தைரியம் கிடையாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துபோனேன்.

சபை மண்டபத்தில் தமிழ்ப் பாடசாலை வைக்க அனுமதி கேட்டு ஏற்கனவே ஒரு மனு போட்டிருந்தோம். அந்த மனு எங்களைவிட அதிகமாக ஊர் சுற்றியது. ஒரு ஆபீஸ், இது எங்கள் இலாகா அல்ல என்று இன்னொரு ஆபீஸுக்கு அனுப்பியது. அந்த ஆபீஸ், காகிதத்தின் அளவு சரியில்லை என்று திருப்பியது. சரியான காகிதத்தில் எழுதிப் போட்டால், மண்டபத்தில் ஜன்னல்கள் எத்தனை, அவை எந்தத் திசையில் திறக்கின்றன என்று கேட்டார்கள். பதில் எழுதினோம். ஜன்னல் திறந்தால் என்ன தெரியும் என்று கேட்டார்கள். எதிரே சீனர் சவப்பெட்டிக் கடை தெரியும் என்று உண்மையை எழுதினேன். அதோடு பதில் நின்றுபோயிற்று.

3

சபைத் தலைவர் அருணாசலம் செட்டியார். வட்டிக்கடை ஒன்றுக்கு மேலாளாக, ஊரிலிருக்கும் முதலாளிக்காக இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர். நல்ல மனுஷர். எதையும் லாபமில்லாமல் செய்யமாட்டார், யாருக்கும் கெடுதலும் செய்யமாட்டார். மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சீமைக்குத் திரும்பும் ஒரு பெரிய துரையின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அங்கே போய் ஒரு படத்தை வாங்கி வந்துவிட்டார். மாட்டு வண்டியில் அது வந்து இறங்கியபோது மண்டபத்துக் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது.

"வெள்ளைக்காரன் ஜெயிச்ச படம்ங்க பிள்ளை," என்றார் என்னிடம். "பாடசாலைத் துரை என்னைக்காவது பார்க்க வந்தார்னா, உள்ள நுழைஞ்சதும் இது கண்ணுல படணும். மனசு குளிர்ந்துடும். தவிர, சட்டம் அத்தனையும் தேக்குங்க. படம் வேணாம்னாலும் சட்டம் உதவும்."

எண்ணெய் வர்ணத்தில் எழுதிய யுத்தப் படம். நடுநாயகமாக வெள்ளைக் குதிரைமேல் கர்னல் கிராம்ப்டன் என்கிற மகானுபாவர் இருக்கிறார். கோட்டை எதிரே இருக்க, வாளை உருவி வானத்தைக் காட்டுகிறார். அங்கே யாரோடு சண்டை என்று தெரியவில்லை. பின்னால் சிவப்புக் கோட்டுப் பட்டாளம், ஒருத்தன் பூட்ஸிலும் சேறு கிடையாது. ஒருவர் குண்டடி பட்டுச் சாய்கிறார். சாய்கிறபோதும் தலைமுடி கலையவில்லை. பின்னணியில் நீல மலைகளும் தென்னஞ்சோலையும். வலது பக்கம் கீழ் மூலையில், புகையும் இருட்டும் கலந்த இடத்தில், கறுப்பு உடம்புகள் தலைப்பாகை அவிழ்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவர்களில் ஒருவன் மட்டும் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறான். சித்திரக்காரர் அவன் முகத்தை நன்றாகவே எழுதியிருக்கிறார்.

சட்டத்தின் அடியில் இருந்த பித்தளைத் தகட்டைப் படித்தேன். அதில் எழுதியிருந்த கோட்டை எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற மண்மேடு. பெயரை இங்கே எழுதவில்லை. கடிதங்களைப் பிரித்துப் படிப்பதை உத்தியோகமாகக் கொண்டவர்கள் கடலுக்கு இரண்டு கரையிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் வீண் சிரமம்.

அந்த மேட்டில் நான் ஆடியிருக்கிறேன். நல்ல மழை பெய்தால் மண் கரைந்து ஈயக் குண்டுகள் வெளியே வரும். நாங்கள் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், கண்மாயில் மீன் பிடிக்கிறவர்கள் அதைத் தட்டி வீச்சுவலைக்குக் கோத்துக்கொள்வார்கள். எங்கள் பாட்டன்மாரைக் கொன்ற ஈயத்தில் நாங்கள் கெண்டை பிடித்துத் தின்றோம். அங்கே மலை கிடையாது. மலை இருந்திருந்தால் மழை ஒழுங்காகப் பெய்திருக்கும், மழை பெய்திருந்தால் நான் ஏன் பினாங்குக்கு வருகிறேன்? தென்னஞ்சோலையும் கிடையாது. பனையும் கருவேலும்தான். சித்திரக்காரர் லண்டனைத் தாண்டி வந்திருக்க மாட்டார்.

செட்டியாரிடம் சொன்னேன்.

"அப்படிங்களா? நம்ம பக்கத்துச் சண்டைங்களா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. ஊர் ஞாபகமா இருக்கட்டும்ங்க."

சிவகாமியிடம் நான் சொல்லவில்லை. அவளும் அந்த மேட்டைச் சுற்றி விறகு பொறுக்கியவள்தான். சொன்னால் படத்தை இறக்காமல் சாப்பிட மாட்டாள். படத்தை இறக்கினால் செட்டியார் பாடசாலைப் பேச்சையே விட்டுவிடுவார்.

பெண்ணை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"அப்பா, இதுலே நம்ம சைட் எது?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"நீயே சொல்லு."

"சிவப்புக் கோட்டுதானே? அவங்கதானே வின் பண்றாங்க, லா!"

நான் ட்ராமுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

4

ஒரு வழியாகக் கடிதம் வந்தது. பாடசாலைத் துரை தீவின் மறுகோடியில் இருக்கிற பாலிக் புலாவ் பக்கம் சுற்றுப்பயணம் போய்த் திரும்பும் வழியில் மறுநாள் காலை மண்டபத்தைப் பார்வையிட்டு முடிவு சொல்வார் என்று எழுதியிருந்தது. மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் பண்டிகை அவர்கள் காலண்டரில் கிடையாது. மாற்றிக் கேட்டால் அடுத்த சுற்றுப்பயணம் சித்திரையில்தான் என்று தெரிந்தது. சித்திரைக்குள் சிவகாமி ஊரில் ஒரு பருவ நெல்லை அவித்து முடித்திருப்பாள். சரி, வரட்டும் என்று முடிவு செய்தோம்.

இங்கே தண்டல் ஐயாக்கண்ணு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டல் என்றால் வரி வசூல் என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகத்தில் சரக்குத் தோணி ஆட்களுக்குத் தலைவனை இங்கே அப்படிச் சொல்வார்கள். சபையில் ஆயுத பூஜை அவர் பொறுப்பு. ஒரு பித்தளைக் கிண்ணம் நிறையச் சந்தனமும் இன்னொன்றில் குங்குமமும் கரைத்துக்கொண்டு கிளம்பினாரானால் கண்ணில் பட்ட எதுவும் தப்பாது. ஒரு வருஷம் மின்சார மீட்டருக்கு வைத்தார், இன்னொரு வருஷம் தபால்காரன் சைக்கிளுக்கு. சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு வடநாட்டுக் காவல்காரனின் தடிக்கும் வைத்தார். அவன் சலாம் போட்டுவிட்டுப் போனான்.

காலையில் நானும் செட்டியாரும் வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் காத்திருந்தோம். துரையின் மோட்டார் வந்தது. வயசானவர், வெயிலில் சிவந்த முகம், கையில் தொப்பி. மாலையைக் கழுத்தில் வாங்கி உடனே கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். உள்ளே அழைத்துப் போனோம்.

நுழைந்ததும் படம் அவர் கண்ணில் பட்டது. செட்டியாரின் யோசனையில் அதுவரைக்கும் ஒரு பிசகும் இல்லை. நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

ஐயாக்கண்ணு அண்ணன் முக்காலி போட்டு ஏறிப் படத்துக்கும் பூஜை செய்திருந்தார். சுவரில் மாட்டியிருக்கிற படம் எதுவானாலும் பண்டிகையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பதுதானே நமக்கு வழக்கம். சாமி படம், ராஜா படம், செத்துப்போன மாமனார் படம் என்று பேதம் பார்ப்பதில்லை. அண்ணன் கர்னலில் ஆரம்பித்து, பட்டாளத்தில் ஒருத்தர் மனசும் நோகாமல், ஒவ்வொரு நெற்றிக்கும் நடு மையத்தில் வைத்திருந்தார். எண்ணெய் வர்ணத்தில் சந்தனம் தெரியவில்லை, குங்குமம்தான் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளைக்காரன் நெற்றியிலும் சிவப்பாக ஒரு ஓட்டை. கர்னலுக்குத் தலைவர் என்ற மரியாதையில் தாராளமாக வைத்ததால், அது இளகி மூக்கு நுனி வரை வழிந்திருந்தது. குதிரைக்கும் விழுந்திருந்தது. நூறு வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்த பட்டாளம் அன்று காலையில் பூண்டோடு ஒழிந்துபோயிற்று.

துரை தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இவர்களையெல்லாம் யார் சுட்டது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"துரை என்ன சொல்றார்?" என்று செட்டியார் என் காதில் கேட்டார்.

"படத்தைப் பத்தி விசாரிக்கறார்," என்றேன்.

"பாத்தீங்களா!" என்று செட்டியார் பூரித்துப்போனார்.

இந்த ஊரில் ஒரு ஆளைப் பிடிக்காவிட்டால் நாடு கடத்துவதற்குக் கோர்ட்டு வேண்டாம், ஒரு கையெழுத்து போதும். ராஜத்துரோகம் என்று துரை ஒரு வரி எழுதினால் சபை மூடப்படும், காரியதரிசி கப்பலில் ஏற்றப்படுவான். சிவகாமியும் பெண்ணும் போகிற கப்பலிலேயே ஏற்றினால் மூன்று பேரும் சேர்ந்து போகலாம், அந்த ஒரு லாபம்தான் எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் சொன்னேன். துரையே, இது பூஜை, இன்று நாங்கள் எங்கள் தொழிலுக்கு உதவுகிற எல்லாப் பொருளுக்கும் மரியாதை செய்கிற நாள், இது மரியாதைக் குறி, குண்டு அல்ல. டைப்ரைட்டரைக் காட்டினேன். கடிகாரத்தைக் காட்டினேன். துரை டைப்ரைட்டரைப் பார்த்தார், கர்னலைப் பார்த்தார். நம்பின மாதிரி இல்லை.

அந்த நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது. துரையின் மலாய் டிரைவர் கத்திக்கொண்டிருந்தான். எல்லாரும் வாசலுக்கு ஓடினோம்.

ஐயாக்கண்ணு அண்ணன் துரையின் மோட்டாருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு விளக்குக்கும் ஆயிற்று, முன் கண்ணாடிக்கும் ஆயிற்று, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. துணியால் துடைக்க வந்த டிரைவரை ஒரு கையால் தடுத்துக்கொண்டு, அவன் கையிலிருந்த துரையின் மாலையையே வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நில்லு லா! துவானோட கெரேத்தா, நல்லா ஓடட்டும்னுதானே வைக்கிறேன். துடைச்சா சூசா வரும்!" சூசா என்றால் இங்கே தொல்லை.

அண்ணன் எங்களைப் பார்த்ததும் கிண்ணத்தோடு துரையைக் கும்பிட்டார். வாய் நிறையச் சிரிப்பு. துரை அவரைப் பார்த்தார், தம்முடைய மோட்டாரின் நெற்றியில் இருந்த சிவப்பு ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்த சிரிப்பில் முகம் இன்னும் சிவந்துபோயிற்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிமிஷத்தில் ஐயாக்கண்ணு அண்ணனின் காலில் விழக்கூட நான் தயாராக இருந்தேன்.

துரை மறுபடியும் உள்ளே போய் இந்தத் தடவை படத்தின் பக்கத்திலேயே நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொட்டாகப் பார்த்து வந்தார். பூஜைக்குக் கட்டியிருந்த வாழைமரத்தின் இலையை விலக்கி, வலது மூலையில் குனிந்தார்.

"கலகக்காரர்களுக்கு வைக்கவில்லையே?" என்றார்.

வாழையிலை மறைத்துக்கொண்டிருந்தது, அதனால் வைக்கவில்லை. அண்ணனுக்கு அங்கே ஆட்கள் இருப்பதே தெரியாது. இவ்வளவுதான் விஷயம். துரை கேட்டதைச் செட்டியாருக்குச் சொன்னேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கடை வாசலில் ஆளைப் பார்த்ததும் விலை சொல்கிற பழக்கம் அல்லவா!

"துரைக்குச் சொல்லுங்க. எங்களுக்கு ராஜவிசுவாசம் ஜாஸ்தின்னு சொல்லுங்க."

என் கண் முன்னால் அந்தத் தகரப் பெட்டி வந்து நின்றது. அவர் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். துரை என் தோளில் தட்டினார். எழுந்திருக்கப் பார்க்கிற அந்த மனுஷன் இலைக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

5

அனுமதிக் கடிதம் அதிசயமாகச் சீக்கிரத்தில் வந்தது. காகித அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஜன்னலைப் பற்றியும் இல்லை. கூடவே ஒரு சீனப் போட்டோக்காரனை அனுப்பிப் படத்தை, பொட்டுகளோடு, போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். தமிழ்க் குடிகளின் விசுவாசத்துக்கு இது கண்கண்ட சாட்சி என்று மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகத் துரை குறிப்பிட்டிருந்தார். அதனால் இரண்டு நிபந்தனைகள். படம் இப்போது இருக்கிற நிலையிலேயே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், பாடசாலைச் சுவரில் இருக்க வேண்டும். பாடசாலைக்குக் கர்னல் கிராம்ப்டன் பெயரை வைக்க வேண்டும்.

நிர்வாகக் கூட்டத்தில் கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். செட்டியார் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"பலகையில எந்தப் பேரை எழுதினா என்னங்க? உள்ள தமிழ்தானே சொல்லிக் குடுக்கப் போறோம்?"

எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ஐயாக்கண்ணு அண்ணன் மட்டும் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"தம்பி, கலகக்காரங்களுக்குப் பொட்டு வைக்கலேன்னு சொன்னியே. எந்தக் கலகக்காரங்க?"

சொன்னேன். எந்த ஊர்க் கோட்டை என்பதையும் சொன்னேன். அவருக்குச் சொந்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் மெதுவாகப் படத்துக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். வாழைமரம் எடுத்தாயிற்று, அதனால் மூலை நன்றாகத் தெரிந்தது.

"இவ்வளவு பேரு இங்க கெடக்காங்களா?" என்றார். "எலை மறைச்சிருச்சு தம்பி. சத்தியமா நான் பார்க்கல லா. தெரிஞ்சிருந்தா மொதப் பொட்டே இவங்களுக்குத்தானே வச்சிருப்பேன். கண்டவனுக்கெல்லாம் வச்சுட்டு நம்ம ஆளுங்கள விட்டுட்டேனே!"

அவர் எழுந்து பூஜை அலமாரியிலிருந்து குங்குமக் கிண்ணத்தை எடுத்து வந்தார். நான்தான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். தோணிக் கயிறு இழுத்துக் காய்த்த கை. உதறியிருந்தால் நான் சுவரில் போய் மோதியிருப்பேன். அவர் உதறவில்லை.

"ஒண்ணே ஒண்ணு, தம்பி. இந்த எந்திரிக்கப் பாக்கறவனுக்கு மட்டும்."

"கூட்டக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க அண்ணே. போட்டோ வச்சிருக்காங்க, எண்ணிப் பாப்பாங்க."

"நம்ம ஆளுக்கு நாம பொட்டு வைக்க பெர்மிஷன் வேணுமா?"

"பள்ளிக்கூடம் போயிடும் அண்ணே. என் பொண்ணு போயிடும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். மறு கூட்டத்துக்கு வரவில்லை. இன்று பூஜைக்கு வந்தார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார், அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

6

தை மாதம் பாடசாலை திறந்தது. வாசலில் பெரிய பலகை. செட்டியார் தேங்காய் உடைத்தார். துரை வரவில்லை, வாழ்த்துத் தந்தி வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவரை வரவழைத்திருந்தோம். மத்தியானம் வரை இங்கிலீஷ் பள்ளிக்கூடம், சாயங்காலம் இது என்று மீனாட்சி போய்வர ஆரம்பித்தாள். முதல் மாதம் அழுதாள். இரண்டாவது மாதம் ஹொக்கியனில் வாத்தியாரைத் திட்டினாள். அப்புறம் எப்போது என்று எனக்குத் தெரியவில்லை, எழுத்துப் பிடிபட்டுவிட்டது. சிவகாமி பெட்டியை மச்சில் ஏற்றச் சொன்னாள். அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறியபோது எனக்கிருந்த சந்தோஷத்தை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

போன வாரம் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது தாயும் பெண்ணும் கூடத்தில் இருந்தார்கள். பெண் சிலேட்டில் என்னவோ எழுதி, தாயின் மடியில் வைத்து, விரலை வைத்து வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பாடத்தையும் பாடசாலையின் பெயரை மேலே எழுதித்தான் தொடங்க வேண்டுமாம், அது வாத்தியார் வைத்த முறை. குண்டு குண்டாக, அச்சில் வார்த்த மாதிரி எழுத்து.

"கர்னல் கிராம்ப்டன் தமிழ்ப் பாடசாலை," என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

சிவகாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சிலேட்டையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து முறித்தாள். விரல்கள் சடசடவென்று முறிந்தன.

"அது யாருடி கர்னல்?" என்று கேட்டாள்.

பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடுக்குகிறாள் என்று அவள் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏதோ ஒரு ஊர்ல கெட்டவங்க ஒரு கோட்டையில இருந்தாங்களாம் அம்மா. இவரு போய் அவங்களையெல்லாம் கொன்னுட்டு, நமக்குப் பள்ளிக்கூடம் குடுத்தாரு."

"மகராசன்," என்றாள் சிவகாமி. "நல்லா இருக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். ஒரு இங்கிலீஷ் வார்த்தை கலக்காமல், ஒரு மலாய் வார்த்தை கலக்காமல், என் பெண் தன் தாயிடம் முழுசாகப் பேசிய முதல் தமிழ் அது. அதில் திருத்துவதற்கு ஒரு பிழையும் இல்லை.